கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடருமா? ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, பில்ட்ரூட் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் தங்கச்சிமடத்தில் எங்கள் மாடி அறை நிறைந்துவிடும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்பாவோடு விசைப்படகில் போகிற தம்பிகள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். கையளவு கணினியான ராஸ்பெரி பை போர்டு ஒன்றில், மூலநிரலிலிருந்து நாமே பில்ட் செய்த, அதாவது கட்டிய, இயங்குதளத்தை ஓட வைப்பது போன வருஷத்து வேலை. கையில் இருந்தது 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், மொபைல் ஹாட்ஸ்பாட், காற்று வேகமெடுத்தால் போய்விடும் கரண்ட். அதனால் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

ஆண்ட்ராய்டு கட்டலாமா என்று ஒரு தம்பி ஆசையோடு கேட்டான். அதன் மூலநிரல் நூற்றுக்கணக்கான கிட் (மூலநிரலை மாற்ற வரலாற்றோடு சேமிக்கும் கருவி) களஞ்சியங்களாகக் கிடக்கிறது. ரெப்போ என்ற கருவி ஒரு பட்டியலைப் பார்த்து அத்தனையையும் இழுத்து வரும். கூகுளே கேட்பது 64 ஜிபி ராம், 400 ஜிபி டிஸ்க் இடம். எங்கள் பேச்சு அங்கேயே முடிந்தது.

மிச்சம் மூன்று: ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி இயங்குதளங்கள் இரண்டு, சின்னச் சாதனங்களுக்கு லினக்ஸ் தளம் கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவி ஒன்று. இவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கவில்லை, ஒரு கேள்வி விளக்கியது. "அண்ணே, இந்த எல்எஸ் கட்டளையை எங்கண்ணே எழுதி வச்சிருக்காங்க?" ஃபோல்டரில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. நெட்பிஎஸ்டி மூலநிரலைத் திறந்தோம். பின் ஃபோல்டருக்குள் எல்எஸ், அதற்குள் எல்எஸ்.சி. அது கூப்பிடும் எஃப்டிஎஸ் செயல்கூறு அதே மரத்தில் (ஒரே மூலநிரல் ஃபோல்டர் தொகுப்பில்), சி மொழியின் அடிப்படை நூலகமான லிப்சி ஃபோல்டரில் இருக்கிறது. அதற்கும் கீழே, கோப்புப் பெயர்களை டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தரும் சிஸ்டம் கால் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் வழி) சிஸ் ஃபோல்டருக்குள், கெர்ன் என்பதில். தட்டச்சு செய்த கட்டளையிலிருந்து கெர்னலின் அடிவயிறு வரை ஒரே மரத்துக்குள் நடந்தே போய்விட்டோம். ஃப்ரீபிஎஸ்டியிலும் அப்படியேதான்.

லினக்ஸில் இதே நடை மூன்று ஊர் தாண்டிப் போகும். எல்எஸ் இருப்பது கோர்யுட்டில்ஸ் என்ற திட்டத்தில், நூலகம் ஜிலிப்சியில், கெர்னல் தனியாக. மூன்றுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வெளியீட்டுத் தேதிகள். இது குறை இல்லை. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் கெர்னல்காரர்கள் கறாராக இருப்பதால்தான் இத்தனை பேர் தனித்தனியாக வேலை பார்த்தும் எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் முதல்முறை படிக்கிற பையனுக்கு ஒரே மரம்தான் நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஒரே மரம் என்றால் இரண்டு பிஎஸ்டியில் எது? ஃப்ரீபிஎஸ்டியின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பில்ட்வேர்ல்டு, பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல், ரீபூட், இன்ஸ்டால்வேர்ல்டு. வேர்ல்டு என்றால் கெர்னல் தவிர்த்த மற்ற நிரல்கள். புதுக் கெர்னலை முதலில் ஏற்றிவிட்டுத்தான் மற்றவை. புது நிரல்கள் கேட்கும் சிஸ்டம் கால் பழைய கெர்னலில் இல்லாமல் போகலாம் என்பதால் அந்த வரிசை. சிக்கல் எங்கே என்றால், மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கிளாங் கம்பைலரும் அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிறது. நாலு வேலையை ஒன்றாக ஓடவிட்டால், கிளாங்கை லிங்க் செய்யும் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்) நேரத்தில் எங்கள் 8 ஜிபி நிரம்பி பில்ட் செத்துவிடும். எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் கிளாங் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் தப்பிக்கலாம்.

நெட்பிஎஸ்டியைக் கட்டும் ஸ்கிரிப்டான பில்ட்.எஸ்ஹெச் வேறு ஜாதி. இருக்கிற லினக்ஸ் லேப்டாப்பிலேயே, ரூட் (நிர்வாகி) அனுமதி கூட இல்லாமல், முதலில் தனக்கு வேண்டிய ஜிசிசி கம்பைலரைக் கட்டிக்கொள்ளும்; அப்புறம் அந்தக் கம்பைலரை வைத்து பை போர்டுக்கான முழுத் தளத்தையும் கட்டும். முதல் தடவைக்கு ஒரு ராத்திரி போனது. அதற்குப் பிறகு எல்எஸ் ஃபோல்டருக்குள் போய், அது உருவாக்கித் தந்த என்பிமேக் கட்டளையைக் கொடுத்தால் அந்த ஒரு நிரல் மட்டும் சில விநாடியில் தயார். பையன் ஒரு வரியை மாற்றி, கார்டில் போட்டு, தன் மாற்றத்தைத் திரையில் பார்த்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூலநிரலை நெட்டில் இறக்குவதிலும் வித்தியாசம் உண்டு. ஃப்ரீபிஎஸ்டி 2020 டிசம்பரில் கிட்டுக்கு மாறிவிட்டது. கிட் குளோன் (களஞ்சியத்தை அப்படியே நகலெடுப்பது) பாதியில் அறுந்தால் முதலிலிருந்துதான் வரவேண்டும். ஹாட்ஸ்பாட்டில் இது கொடுமை. வரலாறு வேண்டாம் என்றால் வெளியீட்டோடு வரும் எஸ்ஆர்சி.டிஎக்ஸ்இசட் கோப்பை டபிள்யூகெட் என்ற இறக்கும் கருவியில், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எடுக்கலாம். நெட்பிஎஸ்டி பயன்படுத்துவது கிட் செய்யும் அதே வேலைக்கான சிவிஎஸ். பழசுதான், பல கோப்பு மாற்றங்களை ஒரே கமிட்டாக (ஒரே பதிவாக) பிடித்து வைக்கத் தெரியாததுதான். ஆனால் கோப்பு கோப்பாக இறக்குவதால் நெட் அறுந்தாலும் மறுபடி அப்டேட் கொடுத்தால் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

பில்ட்ரூட்டுக்கு வருகிறேன். ஏலக்கூடத்தில் விலை காட்டும் ஒரு சின்னத் திரை வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு நான் எடுத்தது இதைத்தான். பை 4-க்கான டெஃப்கான்ஃபிக் (தயாராக உள்ள அமைப்புகள்) கொடுத்து, மெனுவில் வேண்டியதை மட்டும் டிக் செய்து, மேக் சோர்ஸ் என்றால் தேவையான எல்லா மூலநிரலையும் டிஎல் என்ற ஃபோல்டரில் இறக்கி வைத்துவிடும். அதற்கப்புறம் நெட்டே வேண்டாம். ஒவ்வொரு பொட்டலமும் எந்தக் கட்டம் வரை முடிந்தது என்று முத்திரைக் கோப்பு வைத்துக்கொள்வதால், கரண்ட் வந்ததும் மேக் என்று கொடுத்தால் போதும். கடைசியில் கையில் கிடைப்பது, கார்டில் அப்படியே எழுதும் எஸ்டிகார்டு.ஐஎம்ஜி கோப்பு. ஆனால் மெனுவில் ஒன்றை எடுத்துவிட்டால் ஏற்கெனவே கட்டியதிலிருந்து அதைத் தானாக நீக்காது. நாம்தான் சுத்தம் செய்து முதலிலிருந்து கட்ட வேண்டும். அதனால் மெனுவில் அவசரப்படாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்த கதை இது. நெட்பிஎஸ்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்தது. மறுபடி தொடங்கினேன், லிங்க் செய்யும் இடத்தில் புரியாத பிழை. கம்பைலரைச் சந்தேகித்தேன், ராமைச் சந்தேகித்தேன். காரணம், கரண்ட் போன நொடியில் எழுதப்பட்ட இரண்டு ஓ கோப்புகள் (கம்பைல் ஆன துண்டுகள்) பூஜ்ய அளவில் கிடந்தன. தேதி புதிதாக இருந்ததால், தேதியைப் பார்த்தே எது பாக்கி என்று முடிவெடுக்கும் மேக் கருவி அவற்றை முடிந்தவை என்று நம்பிவிட்டது. பூஜ்ய அளவு ஓ கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி அழித்ததும் பில்ட் ஓடியது. இது மேக்கை நம்பி நடக்கிற எல்லாத் தளத்துக்கும் பொருந்தும். பில்ட்ரூட்டில் என்றால் அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் டிர்கிளீன் (கட்டியதை அழிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு மறுபடி மேக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, மூலநிரலை விரித்த நிலையில் சாதாரண பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். லினக்ஸ் கெர்னலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டுமே மாறுகிற ஜோடிக் கோப்புகள் உண்டு. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வடிவத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் விழுந்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய டார் கோப்பாகவே கொண்டுபோய் அங்கே விரியுங்கள்.

இந்த வருஷத் தடைக்காலத்துக்கு பில்ட்ரூட்டின் டிஎல் ஃபோல்டரும் நெட்பிஎஸ்டி மூலநிரலும் என் ஹார்டு டிஸ்க்கில் தயாராக இருக்கின்றன. பாம்பன், மண்டபம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் காலி டிஸ்க் ஒன்றை லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்தில் ஃபார்மேட் செய்து எடுத்து வாருங்கள்.