மலையகத்து ஓடைக்கு எது பொருந்தும்: தடுப்பணையா, நிலத்தடி அணையா?

தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் வருவது காய்ந்த காற்றுதான். பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும். அந்த மாதங்களுக்காக மழைநீரைப் பிடித்துவைக்க இரண்டு வழிகள் உண்டு.

தடுப்பணை தெரிந்ததுதான்: ஓடைக்குக் குறுக்கே கல்லும் சீமெந்தும். நிலத்தடி அணைக்குப் பாறை தட்டும்வரை குறுக்கே பள்ளம் வெட்டி, களிமண்ணை இடித்து இறுக்கி மூடிவிடுவார்கள். மேற்பக்க மண்ணுக்குள் தேங்கும் நீரைக் கிணறு வழியாக எடுக்கலாம். இதன் பெரிய பலம், வெயில் நீரைக் குடிக்காது என்பது. கென்யாவின் கிட்டுயி போன்ற வறண்ட இடங்களில் ஆற்றுமணலுக்குள் நீரைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

குளிர்ந்த நம் மலையில் அந்தப் பலம் குறைந்துவிடுகிறது. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது சரிவு. 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறும் ஓடையில் 2 மீற்றர் உயர அணை கட்டினால் நீர் 20 மீற்றர் தூரம்தான் பின்வாங்கி நிற்கும். ஓடை 5 மீற்றர் அகலம் என்றால் சுமார் 1 இலட்சம் லீற்றர். 50 குடும்பங்கள் நாளுக்குத் தலா 200 லீற்றர் எடுத்தால் 10 நாளில் தீரும். அதே இடம் மணலால் நிறைந்திருந்தால் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு, நம் ஓடைகளில் கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளின் நுண்மண்ணும் சேர்ந்து வருகிறது. அது நீரைப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. சரிவான மண்ணுக்குள் நீரைத் தேக்கினால் மண்ணின் பாரம் கூடும், பிடிப்புத் தளரும். லயங்களுக்கு மேலே நிலத்தடி அணை வேண்டவே வேண்டாம் என்பேன். அங்கே ஊற்றைக் கல்கட்டிப் பாதுகாத்து, மூடிய தொட்டிக்குக் குழாய் இழுப்பதுதான் சரி. ஓடையில் சின்னக் கல் தடுப்புகள் மண் அரிப்பைக் குறைக்கும். குடிநீருக்கு அவற்றை நம்ப முடியாது.

சரி, நிலத்தடி அணைக்கு மலையில் இடமே இல்லையா? உண்டு. வெலிமடைப் பக்கத்து அகன்ற வயல்வெளிகள் போல, பள்ளத்தாக்கின் அடி தட்டையாகவும், மண் பருமணலாகவும், பாறை ஆழமில்லாமலும் இருந்தால் நான் அதையே தேர்வேன். மேலே விவசாயமும் நடக்கும், கிணறும் வற்றாமல் தாங்கும். எங்கு வெட்டினாலும் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயத்தைக் கேட்டறிய வேண்டும். தோட்டக் காணியென்றால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்திலேயே வாங்குங்கள். தடுப்பணையைத் தேர்ந்தால், ஒக்டோபர் மழைக்கு முன் ஆண்டுதோறும் யார் தூர்வாருவது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.