எல்லியின் ஆதாரமும் ஷாவின் சிலுவையும்

அறிவியலையும் கடவுள் நம்பிக்கையையும் நேருக்கு நேர் நிறுத்திய படங்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய 'கான்டாக்ட்' (1997), ரிட்லி ஸ்காட்டின் 'ப்ரோமிதியஸ்' (2012). இரண்டிலும் நாயகி விஞ்ஞானி, அப்பாவை இழந்தவர். 'கான்டாக்ட்'டின் எல்லி ஆதாரம் இல்லாத எதையும் ஏற்கமாட்டார். 'ப்ரோமிதியஸ்'ஸின் ஷாவோ கழுத்தில் சிலுவையோடுதான் வேற்றுலகம் கிளம்புகிறார்.

என் ஓட்டு 'கான்டாக்ட்'டுக்கு. வேகா நட்சத்திரத்தின் திசையிலிருந்து பகா எண்களாக ஒரு சமிக்ஞை வருகிறது. அதில் கிடைத்த வரைபடத்தை வைத்து ஓர் இயந்திரம் கட்டுகிறார்கள். அதில் யார் போவது என்று தேர்வு செய்யும் குழு எல்லியிடம் கேட்கிறது: கடவுளை நம்புகிறீர்களா? மழுப்பினால் இடம் உறுதி. அவர் மழுப்பவில்லை, இடம் போகிறது. குழுவுக்குப் பிடித்த பதிலைச் சொன்ன சக விஞ்ஞானி டிரம்லினுக்கு அது கிடைக்கிறது. இந்தக் காட்சியில் நேர்மையாகப் பேசுவது நாத்திகர்தான்.

அப்புறம் படம் அதே எல்லியைத் தலைகீழாக நிறுத்துகிறது. முதல் இயந்திரம் டிரம்லினோடு வெடித்து அழிய, இரண்டாவதில் எல்லியே போகிறார். பதினெட்டு மணி நேரம் பயணம் செய்து வந்ததாக அவர் சொல்கிறார். வெளியே பார்த்தவர்களுக்கோ கலம் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே விழுந்தது, அவ்வளவுதான். விசாரணையில், தன் அனுபவம் பிரமையாக இருக்கலாம் என்று விஞ்ஞானியாக ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நடந்ததை மறுக்க மறுக்கிறார். கார்ல் சேகனின் மூல நாவலில் ஐந்து பேர் போகிறார்கள், துணைக்குச் சாட்சிகள் உண்டு. படம் அவரைத் தனியாக அனுப்பியதால்தான் இந்த இடம் இவ்வளவு கனக்கிறது. ஒரே வருத்தம், கருவியில் பதினெட்டு மணி நேர இரைச்சல் பதிவாகியிருக்கிறது என்று கடைசியில் காதில் போட்டுவிடுகிறார்கள். பார்வையாளரையும் அந்தச் சந்தேகத்தோடே விட்டிருக்கலாம்.

'ப்ரோமிதியஸ்' கண்ணுக்கு விருந்து. அதில் ஓர் அபாரமான இடமும் இருக்கிறது. மனிதரைப் படைத்தவர்கள் வேற்றுலகவாசிகள் என்று தெரிந்ததும், இனி அந்தச் சிலுவையைக் கழற்றிவிடலாமே என்கிறார் ஷாவின் துணைவர். அவர்களைப் படைத்தது யார் என்று ஷா திருப்பிக் கேட்கிறார். எந்தக் கண்டுபிடிப்பும் நம்பிக்கையை ஒரேயடியாக முடித்துவைக்காது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வசனம் எனக்கு வேறு நினைவில்லை. ஆனால் நம்பிக்கைக்கு அவர் சொல்லும் காரணம், நான் நம்ப விரும்புகிறேன் என்பது மட்டுமே. எல்லியைப் போல அவரை யாரும் நிறுத்தி வைத்து விசாரிப்பதில்லை. அதற்குள் கோர ஜந்துக்கள் வந்துவிடுகின்றன, மிச்சப் படம் உயிர் பிழைக்கும் ஓட்டம்.

முடிவில் சிலுவையைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டு, படைத்தவர்களின் உலகத்தைத் தேடிப் புறப்படுகிறார் ஷா. அடுத்த பாகத்தில் அந்தத் தேடல் தொடரும் என்று எதிர்பார்த்தேன். 2017இல் 'ஏலியன்: கவனன்ட்' வந்தபோது ஷா ஏற்கெனவே இறந்திருந்தார், அவரது தேடலும் அவரோடு நின்றுபோயிருந்தது.