இங்கிலாந்துக் கவுன்சில் பஸ் பாஸ்: கொடுக்கும் விதமும் பறிக்கும் விதமும்

இங்கிலாந்தில் பென்ஷன் வயதை எட்டியவர்களுக்குக் கிடைக்கும் இலவச பஸ் பாஸ் உள்ளூராட்சிக் கவுன்சிலின் தயவில் வருவதல்ல. சட்டப்படி அது உரிமை. 2008 ஏப்ரல் 1 முதல் ஒரே பாஸில் இங்கிலாந்து முழுவதும் உள்ளூர் பஸ்களில் போகலாம்: வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரை, சனி, ஞாயிறு, வங்கி விடுமுறைகளில் நாள் முழுக்க. லண்டன்வாசிகளின் ஃபிரீடம் பாஸ் இதன் பெரிய அண்ணன். டியூப் என்ற சுரங்க ரயிலுக்கும் செல்லும், லண்டன் பஸ்களில் வார நாட்களில் 9 மணிக்கே தொடங்கிவிடும். வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு இரண்டுமே உதவாது. சேவை என்று பார்த்தால், கொடுக்கும் வேலையைக் கவுன்சில்கள் நன்றாகவே செய்கின்றன. பறிக்கும் வேலையில்தான் ஓட்டைகள்.

வயதின் பேரில் எடுப்பது சுலபம். இப்போதைய வரம்பு 66. 1960 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது படிப்படியாக 67-க்கு நகர்கிறது. நம்மவர்கள் பலர் தவறாக நினைப்பது ஒன்று: பென்ஷன் வாங்குபவருக்குத்தான் பாஸ் என்பது. பிள்ளைகளோடு வந்து குடியேறிய, ஒருநாளும் இங்கே வேலை பார்க்காத அம்மாவுக்கும் வயதும் நிலையான வசிப்பிடமும் இருந்தால் போதும். வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, ஒரு படம். சிக்கல் வருவது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், கவுன்சில் டாக்ஸ் பில்லில் பின்னால் என்றிருந்தால் இணைய வழிச் சரிபார்ப்பு உதைக்கும். விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். லண்டனில் 60 முதல் 65 வரையுள்ளவர்களின் ஓய்ஸ்டர் பயண அட்டை வேறு திட்டம். அதைக் கவுன்சில் தருவதில்லை.

உடல் நிலையின் பேரில் தரும் பாஸ்தான் கொடுப்பதிலும் பறிப்பதிலும் தகராறு நிறைந்தது. சட்டத்தில் ஏழு வகை இருக்கிறது: பார்வை, செவி, பேச்சு, நடை, இரு கைகள், கற்றல் குறைபாடு ஆகிய ஆறோடு, உடல்நலக் காரணத்தால் ஓட்டுநர் உரிமம் மறுக்கப்படக்கூடியவர்கள். உடல், மனநலக் குறைபாட்டுக்கு அரசு புள்ளி போட்டுத் தரும் பிஐபி உதவித்தொகை வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'நடமாட்டம்' அல்லது 'வாய்வழிப் பேச்சு' என்ற தலைப்பில் 8 புள்ளி இருந்தால் கேள்வியே இல்லாமல் பாஸ். ஆனால் 'பயணத்தைத் திட்டமிடுதல்' என்ற தலைப்பில் மட்டும் 12 புள்ளி பெற்று, கூடிய தொகையே வாங்கினாலும், பாஸ் தானாக வராது. ஆகவே எவ்வளவு பணம் வருகிறது என்று சொல்லிப் பயனில்லை. பிஐபி தீர்மானக் கடிதத்தில் புள்ளி விவரம் உள்ள பக்கங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

இந்தப் பாஸின் ஆயுள் பெரும்பாலும் உதவித்தொகையின் ஆயுளோடு கட்டப்பட்டது. பிஐபி நின்றால் பாஸும் நிற்கும் என்று கவுன்சில் கடிதம் எழுதும். அது முழு உண்மையல்ல. உதவித்தொகை ஒரு குறுக்கு வழி மட்டுமே. அது அடைபட்டாலும் ஏழு வகையில் ஒன்றில் வருகிறவர் சுயாதீன மதிப்பீடு கேட்கலாம். அதற்கு ஜிபி என்ற குடும்ப வைத்தியரின் கடிதத்தை மட்டும் நம்பவேண்டாம், மருத்துவமனை நிபுணரின் அறிக்கை இருந்தால் அதையும் வையுங்கள். வலிப்பு நோயாளிகளின் கதை வேறு. 12 மாதம் வலிப்பு வராவிட்டால் சாதாரணமாகக் கார் உரிமம் திரும்பக் கிடைக்கும், பாஸுக்கான காரணம் அங்கே முடிந்துவிடும். பல கவுன்சில்கள் அதனால்தான் அவர்களுக்குக் குறுகிய காலப் பாஸ் தருகின்றன. அதில் குறைசொல்ல இடமில்லை.

இடம் மாறுவது இன்னொரு கண்ணி. லண்டனின் ஹாரோவிலிருந்து லண்டனுக்கு வெளியே உள்ள வாட்ஃபோர்டுக்குப் போனால் ஃபிரீடம் பாஸ் செல்லாது. ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கவுண்டி கவுன்சிலிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். லண்டனுக்குள் மாறினால் வயதுப் பாஸுக்கு முகவரியை மாற்றினால் போதும். உடல்நிலைப் பாஸ் என்றால் புதிய கவுன்சில் மறுபடி முதலிலிருந்து பார்க்கும். சொல்லாமல் இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எச்சரிக்கைக் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். பதில் வராத பாஸை நிறுத்திவிடுவார்கள், பஸ் ஏறி இயந்திரம் சிவப்புக் காட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

அந்தச் சிவப்பு எப்படி வருகிறது? பாஸ் ஐடிஎஸ்ஓ என்ற பயண அட்டைத் தரத்திலான சிப் அட்டை. ரத்தான எண் ஒரு தடைப்பட்டியலில் ஏறி, பஸ்களின் டிக்கெட் இயந்திரங்களுக்குப் போய்ச் சேரும். தொலைந்ததாகச் சொன்ன அட்டை மறுநாள் சோபா இடுக்கில் கிடைத்தாலும் உயிர் பெறாது, கட்டணம் கட்டிய புது அட்டைதான். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். திருட்டு என்றால் போலீஸ் குற்ற எண்ணைக் கொடுத்தால் பல இடங்களில் இலவசம். அட்டை வரும்வரை கொடுத்த டிக்கெட் காசு திரும்பாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த தங்கச்சியிடம் அக்காவின் பாஸைக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அட்டையில் படம் இருக்கிறது. ஓட்டுநர் பறித்துக் கவுன்சிலுக்கு அனுப்பலாம், அட்டை அக்காவின் சொத்தே அல்ல. பயன்படுத்தியவர் மீது மோசடி வழக்கு வரை போகலாம், அக்காவின் பாஸும் முடங்கும். ஒரு பஸ் டிக்கெட்டை மிச்சம் பிடிக்க இதுவா?

பாஸ்காரர் இறந்தால் குடும்பம், மரணத்தை அரசு அலுவலகங்களுக்கு ஒரே தடவையில் தெரிவிக்கும் 'டெல் அஸ் வன்ஸ்' சேவையில் அறிவிப்பதோடு நிற்காமல், பாஸ் அலுவலகத்துக்கும் தனியே சொல்வது நல்லது. தேசிய மோசடித் தடுப்புத் திட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாஸ் பட்டியலை மரணப் பதிவுகளோடு ஒப்பிடுகிறது. இந்த ஒப்பீட்டைப் பாராட்டலாம். கண்மூடி ரத்து செய்யாமல், பொருந்திய பெயரைக் கவுன்சில் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் முறை.

மிகப் பெரிய குறை மேல்முறையீடு. பிஐபிக்கு உள்ளதுபோல் இதற்கெனத் தனித் தீர்ப்பாயம் கிடையாது. கவுன்சிலிடமே மறுபரிசீலனை கேட்கவேண்டும், பிறகு அதன் முறைப்பாட்டுப் படிகள். அப்புறம்தான் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். அவர் பார்ப்பது முறை தவறியதா என்பதை மட்டுமே, தகுதியை அவர் முடிவு செய்யமாட்டார். விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும். எனவே மறுத்த கடிதம் எந்த வகையைச் சொல்லி மறுக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காரணத்துக்குப் பதிலாக அமையும் ஆவணத்தை வைத்தால்தான் மறுபரிசீலனையில் காரியம் நடக்கும்.

அட்டையில், நாடு முழுக்கச் செல்லும் பாஸின் அடையாளமான ரோஜாச் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது கவுன்சில் தன் விருப்பத்தில் தந்த பாஸாக இருக்கலாம். லண்டனில் சில கவுன்சில்கள் மனநலக் காரணங்களுக்கு அப்படித் தருகின்றன. அது நாடு முழுக்கச் செல்லாது, பட்ஜெட் இறுகினால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.