5,999 ரூபா ஆப்பும் எங்க ஊரு நர்ஸக்காவும்

ஸ்டாரை மொதல்லயே சொல்லிடறேன். காசு கட்டி வாங்குன கர்ப்பகால ஆப்புக்கு 5க்கு 2, காசே வாங்காத எங்க ஊரு நர்ஸக்காவுக்கு 5க்கு 4. அந்த ஒண்ணு ஏன் கொறைஞ்சதுன்னும் எழுதுறேன், ஏன்னா அதுவும் முக்கியம்.

மொத குழந்தை, சென்னைல ஐடி வேலை, வீட்ல நானும் அவரும் மட்டுந்தான். ரெண்டாவது மாசம் தண்ணி குடிச்சாக்கூட வாந்தி வந்து சுருண்டு கெடந்த நேரத்துல ஒரு விளம்பரம் வந்துச்சு, கர்ப்பத்துல இருந்து குழந்தைக்கு 2 வயசு ஆகுற வரைக்கும் நிபுணர்கள் கூடவே வருவாங்கன்னு. மகப்பேறு டாக்டர், டயட்டீஷியன், தாய்ப்பால் ஆலோசகர், குழந்தை டாக்டர்னு அத்தனை பேரும் ஒரே பேக்கேஜ்ல. நான் யோசிக்கிறதுக்குள்ள அவரு 5,999 கட்டிட்டாரு பாவம், வேற எப்படி ஒதவுறதுன்னு தெரியாம. ஆப் பேரு போடல, இந்த மாதிரி நெறைய இருக்கு, நான் பாத்தது ஒண்ணுதான், அத வச்சு எல்லாத்தையும் கொறை சொல்ல முடியாது.

ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. வாராவாரம் குழந்தை எவ்ளோ பெருசுன்னு படம் வரும். இந்த வாரம் உங்க பேபி ப்ளூபெர்ரி சைஸ்னு ஒரு தடவ வந்துச்சு, ப்ளூபெர்ரிய நான் நேர்ல பாத்ததே இல்லங்க, சுண்டக்கா சைஸ்னு போட்டிருந்தா டக்குனு புரிஞ்சிருக்கும். டயட் சார்ட்லயும் அதே கதைதான், காலைல அவகாடோ டோஸ்ட், ராத்திரி கீன்வா. கம்பங்கூழ் குடிக்கலாமான்னு சாட்ல கேட்டேன், ரெண்டு நாள் கழிச்சு "அளவோடு எடுத்துக்கொள்ளலாம்"னு ஒரு வரி வந்துச்சு.

ஏழாவது மாசம் வளைகாப்பு முடிஞ்சு அருப்புக்கோட்டை பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அங்க போய்த்தான் ஞாபகம் வருது, பிக்மி நம்பர் வாங்கவே இல்ல. தெரியாதவங்களுக்கு, தமிழ்நாட்டுல கர்ப்பம்னு தெரிஞ்சதும் அரசாங்கத்துல பதிஞ்சு ஒரு நம்பர் வாங்கணும், பிரைவேட் ஆஸ்பத்திரில பிரசவம்னாலும் வாங்கணும், பின்னாடி பிறப்புச் சான்றிதழுக்கு அதக் கேப்பாங்க. 5,999 ரூபா பேக்கேஜ்ல ஒரு இடத்துலகூட இதப்பத்தி ஒரு வார்த்த இல்ல. அம்மாதான் துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஒரு நம்பர் வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பிரலாம்னு நெனச்சுப் போனேன்.

போனதும் அங்க இருந்த சுகாதார செவிலியர், அதான் எங்க நர்ஸக்காகிட்ட திட்டுதான். "12 வாரத்துக்குள்ள வந்து பதியணும், ஏழாம் மாசம் வயித்தத் தள்ளிட்டு வந்து நிக்கிற, படிச்ச புள்ளதான நீ?" எனக்கு மொகமே செத்துப் போச்சு. ஆனா திட்டிக்கிட்டே எடை போட்டாங்க, பிரஷர் பாத்தாங்க, கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க. பாத்துட்டு "ரத்த மாத்திரை போடுறியா"ன்னாங்க. ஒரு நாள்கூட விடாம போடுறேன்க்கான்னு பெருமையா சொன்னேன். அடுத்து ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, "எப்ப போடுற?"

மதியம் 2 மணிக்கு, ஆப்ல அலாரம் வரும், இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேத்துப் போட்டுருவேன்னேன். அப்புறம் மூணு மணிக்கு டீ. நர்ஸக்கா தலைல கைய வச்சுக்கிட்டாங்க. கால்சியம் கூடப் போட்டா இரும்புச்சத்து ஒடம்புல சரியாச் சேராதாம், டீ காப்பியும் அப்படியே. அஞ்சு மாசமா மாத்திரை போட்டு பாதி வீணாப் போயிருக்கு, அதுக்கு ஆப்பு வேற தெனமும் கைதட்டுற பொம்மை போட்டு "சூப்பர் மாம்"னு சொல்லிட்டிருந்துச்சு!

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிங்க நாள், அங்க வரச்சொல்லி ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு கணக்கு. சென்னைல எடுத்த டெஸ்ட்லயே 10.1 இருந்துச்சு, அந்த ரிப்போர்ட்ட ஆப்ல ஏத்தியும் வச்சிருந்தேன், பச்சை டிக் வந்து "வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது"ன்னு சொன்னதோட சரி, ஒருத்தர்கூடத் தொறந்து பாக்கல போல. நானா போய் ரத்தம் கம்மியா இருக்கேன்னு கேட்டதுக்கு பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம்னு ஒரு லிஸ்ட் வந்துச்சு. எப்ப போடுறன்னு யாரும் கேக்கல.

நர்ஸக்கா டைமை மாத்திக் குடுத்தாங்க. கால்சியம் காலைலயும் மதியமும் சாப்பாட்டோட. இரும்பு மாத்திரை ராத்திரி சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, கூட எலுமிச்சை ஜூஸோ ஒரு நெல்லிக்காயோ. மலம் கருப்பாப் போகும் பயப்படாத, அதுக்காக மாத்திரைய நிறுத்திராதன்னாங்க. "பூச்சி மாத்திரை போட்டியா"ன்னும் கேட்டாங்க, போடல, அதையும் குடுத்தாங்க. எட்டு வாரத்துல 10.8 வந்துச்சு. 11 ஆகலதான், ஆனா 9.2வோட பிரசவத்துக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

கெளம்பும்போது தாய் சேய் நல அட்டையத் தொறந்து விரல வச்சுக் காட்டுனாங்க, விடாம தலைவலி, கண்ணு மங்குறது, மொகம் கை வீங்குறது, ரத்தமோ தண்ணியோ போறது, புள்ள அசைவு கொறையுறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்கக்கூடாது, 108க்கு அடின்னு. அம்மாவையும் பக்கத்துல நிக்க வச்சு சொன்னாங்க. ஆப்லயும் இதெல்லாம் இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது, ஆனா மேக்கப் போடலாமா, டூர் போலாமாங்கற கட்டுரைக்கெல்லாம் அடியில எங்கயோ.

பிரசவம் டவுன்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில, பொண்ணு, 2.8 கிலோ. இங்கதான் ஆப்புக்கு மொத ஸ்டார். மூணாவது நாள் மார் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு, புள்ள கவ்வுது, கத்துது, விடுது, எனக்கு உயிர் போற வலி. ராத்திரி 11 மணிக்கு வீடியோ கால்ல தாய்ப்பால் ஆலோசகர் வந்தாங்க, தமிழ்லயே பேசுனாங்க. பாத்ததும் கண்டுபிடிச்சுட்டாங்க, குழந்தை காம்ப மட்டும் சப்புது, சுத்தி இருக்குற கருவட்டமும் நெறைய வாய்க்குள்ள போகணும், தாடை மார்ல ஒட்டணும், கீழ் உதடு வெளிய மடங்கி இருக்கணும்னு. கொஞ்சம் பாலைக் கையால பீச்சி எடுத்துட்டு, மார் இளகுனதும் வச்சுப் பாருன்னாங்க. நாலாவது தடவைல புடிச்சுக்கிச்சு, நான் அழுதுட்டேன். அந்த 20 நிமிஷத்துக்கு மட்டும்னா 5,999 தாராளமாக் குடுக்கலாம்.

அத அவங்களே கெடுத்துக்கிட்டாங்க. அடுத்த நாள் ராத்திரி சாட்ல "பால் பத்தலயோன்னு பயமா இருக்கு"ன்னு டைப் பண்ணேன், விடிஞ்சு ஆப்பத் தொறந்தா மேலேயே பால் பவுடர் டின்னுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கூப்பன். பெத்து நாலு நாள் ஆன பொம்பளைகிட்ட! நம்ம நாட்டுல 1992லயே இதுக்கு சட்டம் இருக்கு, 2003ல இன்னும் இறுக்குனாங்க, 2 வயசு வரைக்குமான பால் பவுடர், பால் பாட்டில், குழந்தை உணவு எதுக்கும் விளம்பரம் பண்ணக்கூடாது, ஆசை காட்டக்கூடாது. பவுடர் குடுக்குறவங்கள நான் தப்பு சொல்லலங்க, தேவைப்பட்டா டாக்டர் சொல்லுவாரு, குடுத்துத்தான் ஆகணும். பயத்தக் கேட்டுட்டு கூப்பன் அனுப்புறவன் எப்படி நிபுணர்ங்கறதுதான் என் கேள்வி.

அதே பயத்த நர்ஸக்காகிட்ட சொன்னப்ப "ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போகுது"ன்னு கேட்டாங்க. ஏழெட்டு தடவன்னேன். ஆறுக்கு மேல போனா பால் பத்துதுன்னு அர்த்தம்னு சொல்லிட்டு தராசத் தொங்கவிட்டு எடை போட்டாங்க, 2.6. எனக்கு பக்குனு ஆச்சு. மொத வாரம் எல்லாப் புள்ளைக்கும் கொஞ்சம் எறங்கும், பத்துல ஒரு பங்குக்கு மேல எறங்குனாத்தான் பாக்கணும், ரெண்டு வாரத்துல பொறந்த எடைய எட்டிப் புடிச்சிரும் பாருன்னாங்க. பதினாலாம் நாள் 2.85.

அம்மாச்சிய அவங்க சமாளிச்சத தனியா எழுதணும். எங்க அம்மாச்சி தொப்புள்ல மஞ்சத்தூளும் சுட்ட வசம்பும் அரைச்சுப் பூசி வச்சிருந்துச்சு, நாக்குல தேன் தொட்டு வைக்கவும் ரெடி. நான் ஆப்ல படிச்சத சொன்னா "நாலு பெத்தவளுக்கு நீ சொல்லித் தர்றியா"ன்னு சண்டைக்கு வரும். நர்ஸக்கா வந்து உக்காந்தாங்க, ஒரு காப்பி குடிச்சாங்க, "அம்மாச்சி, ஒங்க கைல வளந்தவ பெத்த புள்ள, நீங்கதான் காவல் இருக்கணும், தொப்புள்ல ஒரு தூசி படக்கூடாது, யாரு என்ன பூச வந்தாலும் வெரட்டி விடுங்க, தேன் ஒரு வயசுக்குள்ள விஷம் மாதிரி, யாரையும் வைக்க விடாதீங்க"ன்னு பொறுப்ப அம்மாச்சி தலைலயே கட்டிட்டாங்க. அன்னைலருந்து தொட்டில் பக்கத்துல யாரையும் விடல கெழவி. இதுக்கெல்லாம் எந்த ஆப்ல பட்டன் இருக்கு சொல்லுங்க.

இப்ப நர்ஸக்காவோட அந்த ஒரு ஸ்டார். ஆஸ்பத்திரில பொறந்த குழந்தைன்னா 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்னு 42 நாளுக்குள்ள 6 தடவ வீட்டுக்கு வந்து பாக்கணும்ங்கறது கணக்கு, எங்களுக்கு வந்தது நாலு. ஒரு ஆளு தலைல ஏகப்பட்ட வீடு, போதாததுக்கு எந்நேரமும் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேல, அதனால கோவம் இல்ல. செவ்வாய்க்கிழமை பெஞ்சுல மூணு மணி நேரம் உக்காந்ததக்கூட விட்டுரலாம். நாப்பது பேர் இருக்குற எடத்துல "ரெண்டு ஆச்சுல்ல, ஆபரேஷன் எப்ப பண்ணப் போற"ன்னு ஒரு அக்காகிட்ட சத்தமா கேட்டது எனக்குப் புடிக்கல.

பெரிய கொறை வேற. மூணாவது வாரம் காரணமே இல்லாம அழுதுட்டே இருந்தேன், புள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல, மரக்கட்டை மாதிரி. நர்ஸக்காகிட்ட சொன்னா "பச்ச ஒடம்புக்காரி அழக்கூடாது, பால் வத்திரும்"னாங்க. அம்மாவும் அதேதான், எல்லாரும் அதேதான். ஆப்லதான் 10 கேள்வி வந்துச்சு, எடின்பரோ அளவுகோல்னு பேரு, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வக் கண்டுபிடிக்க டாக்டருங்க நெசமாவே யூஸ் பண்றது. என் மார்க்கப் பாத்துட்டு அன்னைக்கு சாயங்காலமே ஒரு கவுன்சிலர் போன் பண்ணாங்க, மனநல டாக்டரப் பாருங்கன்னு எங்க வீட்டுக்காரரையும் லைன்ல வச்சு சொன்னாங்க. போனோம், சரியாச்சு. ஆப்போட ரெண்டாவது ஸ்டார் அதுக்கு. ஆப் இல்லாதவங்க 14416க்கு அடிங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல லைன், தமிழ்லயே பேசலாம்.

ஊசி விஷயம் சுருக்கமா. புதன்கிழமைதான் ஊசி நாள். ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாசம், எல்லாம் அங்கயே போட்டேன், பத்து பைசா செலவில்ல. போட்டதும் அரை மணி நேரம் உக்கார வச்சு பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க, காய்ச்சல் மருந்து எடைக்குத் தக்கன எத்தன சொட்டுன்னு எழுதியே குடுத்துருவாங்க, ஊசி போட்ட எடத்துல எதையும் தேய்க்காதன்னு அம்மாச்சியப் பாத்து ஒரு மொறை மொறைச்சுட்டு.

ஆப் பண்ண கடைசிக் கூத்து, நாலாவது மாசம் "இந்த வாரம் உங்கள் குழந்தை குப்புற விழுந்துவிட்டதா?"ன்னு தெனமும் கேக்கும். விழலன்னு போட்டா செவப்புக் கலர்ல "வளர்ச்சி ஆலோசனை, 799 ரூபாய் மட்டும்". ரெண்டு ராத்திரி தூங்கல. நர்ஸக்கா புள்ளையக் குப்புறப் போட்டுப் பாத்தாங்க, தல நிக்குது, கிலுகிலுப்ப ஆட்டுனா திரும்புது, மொகத்தப் பாத்து சிரிக்குது. "குப்புற விழ ஆறு மாசம் வரைக்கும் டைம் இருக்கு, இந்த வயசுலயும் தல நிக்காம, மொகம் பாக்காம இருந்தாத்தான் ஓடி வரணும்"னாங்க. அஞ்சரை மாசத்துல கவுந்தா, இப்ப வீட்ட ரெண்டாக்குறா.

அதனால வாங்கலாமா வேணாமான்னா, மொத்த பேக்கேஜ் வேணாம். தாய்ப்பால் ஆலோசகர மட்டும் தனியாப் பாக்க முடிஞ்சா அதுக்குக் காசு குடுங்க. மத்தபடி உங்க ஏரியா சுகாதார செவிலியர் யாருன்னு அங்கன்வாடில கேட்டாலே போன் நம்பர் குடுத்துருவாங்க, ராத்திரி அவங்க எடுக்கலன்னா 104 இருக்கு, அரசாங்கத்தோட சுகாதார உதவி லைன். நான் ஆப்ப அழிச்சுட்டேன், மெயில் மட்டும் இன்னும் வந்துட்டிருக்கு, ரெண்டாவது குழந்தைக்கு பாதி வெலையாம்.

வர்ற புதன் எங்களுக்கு 9 மாச ஊசி, தட்டம்மை ரூபெல்லா, கூட வைட்டமின் ஏ சொட்டு. நீங்களும் போறதா இருந்தா 9 மணிக்கு முன்னாடி போயிருங்க, அட்டைய மறந்துறாதீங்க, திட்டு பலமா விழும்.