'தி பிசினஸ் ஆஃப் புக்ஸ்' வாங்கலாமா? என் மார்க் 5க்கு 3.5

பப்ளிஷிங் தொழில் எப்படி இப்படி ஆச்சுன்னு யாராவது கேட்டா இந்த புக்கதான் முதல்ல கையில கொடுப்பேன், ஆனா எழுதினவரு செம கோவத்துல எழுதியிருக்காரு, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்கன்னும் சொல்லிடுவேன். ஆந்த்ரே ஷிஃப்ரின் எழுதி 2000ல வர்ஸோ போட்டது. 200 பக்கத்துக்கு உள்ளதான், பஸ்ல போற வர்ற நேரத்துலயே முடிச்சிடலாம், இங்கிலீஷும் ஈஸிதான்.

ஆளு யாருன்னா, நியூயார்க்ல பாந்தியன்ங்கிற பதிப்பகத்துல 1962ல சேர்ந்து 1990 வரைக்கும் இருந்தவரு, அதுல பெரும்பாலான வருஷம் அவர்தான் தல. அவங்க அப்பா ஜாக் ஷிஃப்ரின் பாரிஸ்ல ப்ளெயாட்ங்கிற பெரிய இலக்கியங்களோட புத்தக வரிசைய ஆரம்பிச்சவரு, யூதர்ங்கிறதால 1940ல காலிமார் பதிப்பகம் வேலைய விட்டு தூக்கிருச்சு, குடும்பத்தோட தப்பிச்சு நியூயார்க் வந்து, காஃப்காவ ஜெர்மனில பதிப்பிச்ச குர்ட் வூல்ஃப் 1942ல தொடங்கின பாந்தியன்ல சேர்ந்தாரு. இந்த ஆரம்ப பக்கங்கள்தான் புக்குலயே டாப். ஊர விட்டு ஓடி வந்தவங்க நாலு பேரு கையில காசில்லாம, விக்குமான்னு தெரியாத மொழிபெயர்ப்பா போட்டுக்கிட்டு இருக்காங்க, 1958ல 'டாக்டர் ஷிவாகோ'ங்கிற ரஷ்ய நாவல போட்டு அது பிச்சுக்கிட்டு போகுது. 1961ல ராண்டம் ஹவுஸ்ங்கிற பெரிய பதிப்பகம் பாந்தியன வாங்கிருது.

அந்த ராண்டம் ஹவுஸே முதல்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கதைதான். பென்னட் செர்ஃப், டொனால்ட் க்ளாப்ஃபர் ரெண்டு பேரும் 1925ல மாடர்ன் லைப்ரரிங்கிற மலிவு விலை இலக்கிய வரிசைய 215,000 டாலருக்கு வாங்கி, அது போக அப்பப்ப பிடிச்ச புக்கா நாலு போடுவோம்னு ஜாலியா தொடங்கினாங்க. 1959ல ஷேர் மார்க்கெட்டுக்கு போனாங்க, 1965ல ரேடியோ டிவி கம்பெனி ஆர்சிஏ 40 மில்லியன் டாலர் கொடுத்து வாங்குச்சு, அப்ப எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்காரங்களுக்கு மெஷின் வச்சு பாடம் நடத்தலாம்னு ஒரு கனவு. அது பலிக்கல. 1980ல பத்திரிகை முதலாளிங்களான நியூஹவுஸ் குடும்பத்துகிட்ட போச்சு, 1998ல ஜெர்மனியோட பெர்டெல்ஸ்மன்ங்கிற மீடியா கம்பெனிகிட்ட.

காசு கொடுத்து வாங்குறதுக்கு காரணம் கணக்கு பத்தின பகுதி. பழைய காலத்துல பதிப்பகத்துக்கு வருஷத்துக்கு 4 சதவீதம் லாபம் வந்தா போதும், புது முதலாளிங்க 12ல இருந்து 15 கேட்டாங்கன்னு சொல்றாரு. அதவிட பெரிய மாத்தம், முன்னாடி கூட்டுக் குடும்பத்துல சம்பாதிக்கிற அண்ணன் மத்தவங்கள தாங்குற மாதிரி நல்லா விக்கிற புக்கு விக்காத புக்க தாங்கும், இப்ப ஒவ்வொரு புக்கும் தனித்தனியா தன் லாபத்த காட்டணும், எடிட்டர் ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே எத்தன காப்பி போகும்னு நம்பர் கொடுக்கணும். முதல் வருஷம் மெதுவா போயி இருபது வருஷம் விடாம விக்கிற புக்கு இந்த கணக்குல நஷ்டம்னுதான் வரும், பிரெஞ்சு சிந்தனையாளர் ஃபூக்கோ மாதிரி ஆளுங்கள அமெரிக்காவுல போட்டவரு சொல்றாருன்னா யோசிக்க வேண்டியிருக்கு.

அரை மார்க் குறைச்சது 1990 சண்டைக்காக. ராண்டம் ஹவுஸோட புது தலைவர் ஆல்பர்ட்டோ விட்டாலே பாந்தியன் போடுற புக்கோட எண்ணிக்கைய வெட்டுங்கன்னாரு, இவரு மாட்டேன்னு வெளிய வந்தாரு, எடிட்டருங்களும் கூடவே ராஜினாமா, எழுத்தாளருங்க ஆபீஸ் வாசல்ல வந்து போராட்டம். பாந்தியன் நஷ்டத்துல ஓடுச்சுன்னு ராண்டம் ஹவுஸ்காரங்க சொல்றத இவரு மறுக்குறாரு, சரி, ஆனா அவங்க தரப்ப நமக்கு நிதானமா ஒரு தடவ கூட சொல்லல.

இன்னொரு மார்க் போனது எதுக்குன்னா, பழைய முதலாளிங்க புக்கு மேல ஆசைப்பட்டு தொழில் பண்ண அந்த பொற்காலத்த அவரு ஓவரா தூக்கி வைக்குறாரு. வித்தது யாரு? கம்பெனிய வித்தது அதே பழைய ஜென்டில்மேன் முதலாளிங்கதான! 1959ல ஷேர் போட்டப்பவே அடுத்தவன் காசுக்கு பதில் சொல்ற நிலமைக்கு வந்தாச்சு. வெளிய வந்து அவரு ஆரம்பிச்ச நியூ பிரஸ்ஸும் லாப நோக்கமில்லாத அமைப்பு, ஃபவுண்டேஷன் கொடுக்குற பணம் அதுக்கு வேணும், அதுவும் ஒரு வகையில பெரிய மனுஷங்க தயவுதான? இத அவரு கண்டுக்கவே இல்ல.

2000 ஆண்டு புக்குங்கிறதால மீதி கதைய நீங்கதான் தேடணும். 2013ல பெங்குவினும் ராண்டம் ஹவுஸும் ஒண்ணாச்சு, அப்புறம் சைமன் அண்ட் ஷுஸ்டர்ங்கிற இன்னொரு பெரிய பதிப்பகத்தையும் 2.175 பில்லியன் டாலருக்கு வாங்க பாத்து, போட்டி குறைஞ்சிடும்னு அமெரிக்க அரசு போட்ட கேஸ்ல 2022ல கோர்ட்டுல மாட்டுச்சு, ஸ்டீபன் கிங் தன்னோட பதிப்பகத்துக்கு எதிராவே போயி சாட்சி சொன்னாரு, நீதிபதி ஃப்ளாரன்ஸ் பான் தடை போட்டாங்க, அடுத்த வருஷம் சைமன் அண்ட் ஷுஸ்டர கேகேஆர்ங்கிற முதலீட்டு கம்பெனி 1.62 பில்லியன் டாலருக்கு வாங்கிருச்சு. புக்க முடிச்ச கையோட அந்த தீர்ப்பயும் படிங்க, நல்லா விக்கும்னு எதிர்பாக்குற புக்குன்னா எதுன்னு அதுல ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, எழுத்தாளருக்கு முன்பணமா கொடுக்குற அட்வான்ஸ் 250,000 டாலராவது இருக்கணுமாம்.