பதினோராம் நாள் புண்யாஹவாசனம்: மூன்று வாத்தியார்களை அழைத்தது வீண்போகவில்லை

பேத்தி பிறந்த 11-ஆம் நாள், வீட்டையும் வீட்டாரையும் மந்திர நீரால் தூய்மைப்படுத்தும் புண்யாஹவாசனத்துக்கு, சென்னை மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாத்தியார் (புரோகிதர்) குழுவை அமர்த்தினோம். மூன்று பேர், 6,000 ரூபாய். எங்கள் குடியிருப்பில் பலரும் ஒருவரோடு முடித்துக்கொள்கிறார்கள். வசதி இருப்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன்.

இந்தச் சடங்கே வேண்டுவதும் வாழ்த்துவதுமாக அமைந்தது. "புண்யாஹம் பவந்தோ ப்ருவந்து" (இது நல்ல நாள் என்று நீங்கள் சொல்லுங்கள்) என்று சடங்கைச் செய்யும் கர்த்தா கேட்க, சுற்றியிருப்பவர்கள் "ஓம் புண்யாஹம்" என்று சொல்ல வேண்டும். பிறகு இதேபோல் ஸ்வஸ்தி (நலம்), ருத்தி (செழிப்பு). கேட்பவரே பதிலும் சொல்லிக்கொண்டால் சபை ஏது? எங்கள் கூடத்தில் மூன்று குரல்கள் ஒன்றாகப் பதில் சொன்னபோது என் மாப்பிள்ளை தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கலசத்து நீரில் வருணனை ஆவாஹனம் செய்தபின் (எழுந்தருளச் செய்தபின்) தொடங்கிய ஜபத்தில்தான் இவர்களின் தரம் தெரிந்தது. தண்ணீரைத் தாயாகப் பாவித்து வேண்டும் "ஆபோ ஹிஷ்டா" (ரிக் வேதம், 10-ஆம் மண்டலம்), "ஹிரண்யவர்ணா:", அதன்பின் தூய்மை வேண்டும் பவமான சூக்தம். எதையும் விழுங்கவில்லை. வேத ஸ்வரங்களில் அநுதாத்தம் தாழ்ந்து, ஸ்வரிதம் உயர்ந்து, மூச்சு விட வேண்டிய இடத்தில் மட்டும் விட்டார்கள். "புனந்து மா தேவஜனா:" வரும் இடத்தில் இளைய வாத்தியாருக்கு ஸ்வரம் பிசகியது. பெரியவர் கையசைத்து நிறுத்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லவைத்தார். தேவர்கள் என்னைத் தூய்மையாக்கட்டும் என்று கேட்கிற வரியை அரைகுறையாகச் சொல்லி என்ன பயன்? அந்த ஒரு திருத்தத்துக்காகவே இவர்களை மறுபடி அழைப்பேன்.

கலச நீரைத் தெளிக்கும் புரோக்ஷணத்திலும் குறை இல்லை. மாவிலையால் தொட்டில், சமையலறை, பூஜை அலமாரி என்று எல்லா இடத்திலும் தெளித்தார்கள். மகள் தலையில் தெளித்து, தீர்த்தம் கொடுக்கும்வரை பெரியவரின் உதடுகள் மந்திரத்தை விடவில்லை.

சாமான் பட்டியல்தான் பெரிய தொந்தரவு. முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினார்கள். கூர்ச்சத்தை (தர்ப்பைப் புல் முடிச்சு) அவர்களே கொண்டுவந்தார்கள், சரி. அடுக்குமாடிவாசிகள் அந்த நேரத்தில் மாவிலைக்கு எங்கே போவது? எதிர்வீட்டார் கொடுத்ததால் தப்பித்தோம். எங்கள் குடும்பம் பின்பற்றும் சடங்கு முறை, அதாவது எந்தச் சூத்திரம் என்பதையும் வந்து உட்கார்ந்த பிறகே கேட்டார்கள். ஆபஸ்தம்பமா, போதாயனமா என்பதைப் பதிவு செய்யும்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பட்டியலையும் இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.