மிதவை விமானப் பயிற்சி: இரண்டு நாள் என்பார்கள், மூன்று நாளாக வைத்துக்கொள்ளுங்கள்

ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்ட உரிமம் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. சொந்த விமானமெல்லாம் கிடையாது. கிளப்பின் செஸ்னாவை மாதம் இரண்டு தடவை வாடகைக்கு எடுத்து, நூறு மைல் தள்ளி ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, ஆறிப்போன பர்கரைத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிற ஆள் நான். அது சலித்துப்போன ஒரு கட்டத்தில்தான் சீபிளேன் ரேட்டிங், அதாவது தண்ணீரில் ஏறி இறங்கும் விமானத்தை ஓட்டுவதற்கான கூடுதல் தகுதி, எடுக்கலாம் என்று தோன்றி, போன வசந்தத்தில் மத்திய ஃபுளோரிடாவுக்குப் போனேன். அங்கே எங்கு திரும்பினாலும் ஏரி. டவாரஸ் என்ற ஊர் தன்னை 'அமெரிக்காவின் சீபிளேன் நகரம்' என்றே சொல்லிக்கொள்கிறது. நான் படித்த பள்ளி வேறு ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: இதற்குத் தேர்வு என்ன, எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்? ஏற்கெனவே உரிமம் இருந்தால் இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் விதியில் இல்லை. 'இவர் தயார்' என்று இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தேர்வாளரிடம் வாய்மொழித் தேர்வும் பறக்கும் தேர்வும் பாஸ் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் பள்ளிகள் இதை வாரக்கடைசிப் பொட்டலமாக விற்கின்றன. இன்னொரு லாபமும் உண்டு: இதில் பாஸானால் உரிமம் உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து காட்ட வேண்டிய ஃப்ளைட் ரிவ்யூவும் முடிந்ததாகக் கணக்கு. எனக்கு அது அடுத்த மாதம் காலாவதியாக இருந்தது. வீட்டில் செலவை நியாயப்படுத்த அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

விமானம் பைப்பர் ஜே-3 கப். 1930களின் இறுதியிலிருந்து 1947 வரை கிட்டத்தட்ட 20,000 தயாரித்தார்கள், அதில் ஒன்றுக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவைகளை மாட்டியிருக்கிறார்கள். பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் மிதவையின் மேல் நின்றுகொண்டு புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்புகிறார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கம்பி துருத்திக்கொண்டிருக்கும். அதன் அடி முனையில் ஒரு தக்கை, டாங்கில் மிதக்கும். கம்பி இறங்க இறங்கப் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். ஜிபிஎஸ் திரையைப் பார்த்தே பறந்து பழகிய எனக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அரை மணி நேரத்தில் பிடித்தும்போனது. பக்கக் கதவைத் திறந்துபோட்டபடி ஏரிகளுக்கு மேல் 500 அடியில் பறப்பதை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் காலை பறக்கவே விடவில்லை. தண்ணீர் இறைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு மிதவையும் உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும், ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்குவதற்காக. ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு துளை, அதை ஒரு ரப்பர் பந்து அடைத்திருக்கும். பந்தை எடுத்துவிட்டுக் கைப்பம்பை விட்டு இறைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் கசிவது சகஜம் என்றார்கள். ஆனால் ஒரு அறையில் மட்டும் நான் இருபது தடவைக்கு மேல் அடித்தும் வந்துகொண்டே இருந்தது. 'அது எப்பவும் அப்படித்தான்' என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அடுத்த நாள் வேறு விமானம் கேட்டு வாங்கிக்கொண்டேன், அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பறப்பது என்னவோ அதே பறப்பதுதான். பாடம் முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. இந்த விமானத்துக்கு பிரேக் கிடையாது. கயிற்றை அவிழ்த்து எஞ்சின் உயிர்பெற்ற நொடியிலிருந்து அது போய்க்கொண்டே இருக்கும், நிறுத்தி வைத்து செக்லிஸ்ட் படிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சும்மா விட்டால் வால் காற்றைப் பிடித்துக்கொள்ள, மூக்கு தானாகக் காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும். மிதவைகளின் பின்னால் சின்னச் சுக்கான்கள் இருக்கின்றன, மெதுவாகப் போகும்போது அவை போதும். காற்று பலத்துவிட்டால் அவற்றால் ஒன்றும் ஆகாது. அப்போது எஞ்சினைக் கூட்டி, மூக்கைத் தூக்கி, ஏர் உழுகிற மாதிரி தண்ணீரை உழுதுகொண்டு திரும்ப வேண்டும். அதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டிக் என்ற கட்டுப்பாட்டுக் கம்பை ஒரு பக்கமும் ரடர் என்ற வால் சுக்கானை எதிர்ப்பக்கமும் பிடித்துக்கொண்டு, இறக்கையையே பாயாக வைத்துப் பின்பக்கமாக மிதந்து போவது. விமானத்தை ரிவர்ஸில் ஓட்டி, நினைத்த இடத்தில் கரை சேர்க்கலாம். முதல் முயற்சியில் நான் சேர்ந்தது நாணல் புதருக்குள். பக்கத்தில் முதலை ஏதும் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்ததை இன்ஸ்ட்ரக்டர் கவனித்துவிட்டு, 'இருக்கும், ஆனால் உங்களைவிட அதற்குத்தான் பயம் அதிகம்' என்றார். நம்பவில்லை.

டேக்ஆஃப் என்பது தண்ணீரோடு ஒரு மல்லுக்கட்டு. சுக்கானை மேலே தூக்கி, ஸ்டிக்கை வயிறு வரை இழுத்துப் பிடித்து, முழு பவர். மூக்கு எழும்பிக்கொண்டே போய், இனி எழும்பாது என்று ஒரு இடத்தில் நிற்கும். அந்த நொடியில் ஸ்டிக்கைத் தளர்த்தினால் விமானம் மிதவைகளின் அடிப்பக்கம் இருக்கும் 'ஸ்டெப்' என்ற படிக்கட்டு வெட்டின் மேல் ஏறி, ஸ்பீட்போட் மாதிரி வழுக்க ஆரம்பிக்கும். ஸ்டிக்கை அதிகமாகத் தள்ளிவிட்டால் மூக்கு குதிரையாட்டம் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். எனக்கு ஆடியது. பின்னால் இழு என்ற கத்தலோடு என் கைக்கு முன் இன்ஸ்ட்ரக்டரின் கை ஸ்டிக்கை இழுத்துவிட்டது.

காற்றுத் திசையைப் பார்க்க, விமான நிலையத்தில் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பை இங்கே கிடையாது, தண்ணீரைத்தான் படிக்க வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிக் கொஞ்சதூரம் தண்ணீர் அசையாமல் வழவழவென்று இருக்கும். வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நங்கூரம் போட்ட படகு எந்தப் பக்கம் பார்க்கிறது, கரையில் கொக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதெல்லாம் பாடத்தில் வரும். எங்கள் ஊர்க் கடற்கரையில் கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்களுக்கு இது வகுப்பே இல்லாமல் தெரியும். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் மணிக்கு இத்தனை டாலர் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கஷ்டமான பாடம் எது என்றால், அலையே இல்லாத தண்ணீர். புயல்காற்றைச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும்போது தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, தெரிவது வானத்தின் பிம்பம் மட்டும். முப்பது அடி மேலே இருக்கிறோமா மூன்று அடியா என்று கணிக்க முடியாமல், ஒன்று உயரத்திலேயே வேகத்தை விட்டுவிடுவோம், இல்லையென்றால் மூக்கோடு மோதுவோம். அதனால் கண்ணை நம்பாமல், கரையை ஒட்டி வந்து, மூக்கைச் சற்றுத் தூக்கி வைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி பவரை வைத்துக்கொண்டு, மிதவை தண்ணீரைத் தொடும் வரை சும்மா காத்திருக்க வேண்டும். கை எதையாவது செய்யத் துடிக்கும், செய்யக் கூடாது. இங்கேதான் இந்தப் பயிற்சி மேல் எனக்குப் பெரிய வருத்தம். அந்த இரண்டு நாளும் காற்று வீசிக்கொண்டே இருந்ததால், அலையடிக்கும் தண்ணீரில் 'கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள்' என்று நடித்துத்தான் பழகினோம். தேர்விலும் அதே நடிப்பு. ரேட்டிங் கையில் இருக்கிறது, ஆனால் உண்மையான கண்ணாடித் தண்ணீரில் நான் தனியாக ஒருமுறைகூட இறங்கியதில்லை.

பணம். விளம்பரத்தில் இருந்த தொகையில் தேர்வாளர் கட்டணம் சேரவில்லை. போனில் கேட்டபோதும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை, முதல் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது, அதுவும் ரொக்கமாக வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் மதியம் காற்று அதிகம் என்று தேர்வு மறுநாளுக்குத் தள்ளிப்போக, ஒரு ராத்திரி ஹோட்டல், விமான டிக்கெட் மாற்றிய செலவு எல்லாம் என் தலையில். காற்றுக்கு அவர்கள் பொறுப்பில்லை, சரி. ஆனால் 'மூன்று நாளாகத் திட்டமிடுங்கள்' என்று முன்பே ஒரு வரி எழுதி அனுப்ப என்ன கஷ்டம்? படிக்க வேண்டியதையும் முன்கூட்டி அனுப்பவில்லை. எஃப்ஏஏவின் சீபிளேன் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நானாகப் படித்துவிட்டுப் போனதால்தான் வாய்மொழித் தேர்வில் தப்பித்தேன்.

தேர்வாளர் நல்ல மனிதர். தண்ணீரில் இருக்கும்போது நீங்கள் விமானியா, படகோட்டியா என்று கேட்டார். இரண்டும்தான், தண்ணீரில் இந்த விமானமும் ஒரு கலம், படகுகளோடு மோதாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றேன். ஒரு மணி நேரம் பறந்தோம். கரை சேரும்போது எஞ்சினைச் சற்றுத் தாமதமாக அணைத்துவிட்டேன், மிதவை துறையின் டயரில் முட்டி நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்த் தற்காலிகச் சான்றிதழை அச்சடித்துக் கொடுத்தார்.

இதை வைத்து என்ன செய்யலாம் என்றால், உண்மையைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. சீபிளேனைத் தனியாக வாடகைக்குக் கொடுக்கும் இடம் மிகவும் அரிது, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. இங்கே கற்பது வெறும் மிதவை மட்டும் என்பதால், சக்கரமும் மிதவையும் சேர்ந்த ஆம்ஃபிபியன் ஓட்டப் போகிறவர்கள் தனியாகப் பழக வேண்டும். சக்கரத்தை உள்ளே இழுக்காமல் தண்ணீரில் இறங்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும், அந்த எச்சரிக்கைப் பழக்கம் இந்தப் பள்ளியில் வராது. மாலத்தீவில் ட்விட்டர் ஓட்டும் வேலைக்கு இதை வைத்துப் போய்விடலாமா என்று ஒரு தம்பி கேட்டான், அதற்கு ஆயிரக்கணக்கில் மணி நேரம் பறந்த ஆட்களே வரிசையில் நிற்கிறார்கள். அந்த இரட்டை எஞ்சின் விமானத்தின் பெயர் ட்விட்டர் இல்லை, ட்வின் ஆட்டர் என்று திருத்தியதில் அவனுக்கு ஒரே சிரிப்பு.

ஆனாலும் நான் மறுபடி போவேன், அடுத்த தடவை அதிகாலையில், காற்று எழும்புவதற்கு முன், கண்ணாடித் தண்ணீருக்காக மட்டும் ஒரு மணி நேரம். நீங்கள் போவதாக இருந்தால் கோடையைத் தவிருங்கள், ஃபுளோரிடாவில் அப்போது மதியமானால் இடிமழை. தேர்வாளர் கட்டணம் எவ்வளவு, யாருக்கு, எப்படி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், நனைந்தால் காயாது. எனக்கு மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பறக்கக் கிடைத்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், குறைந்த ஒன்று அந்தக் கட்டண மழுப்பலுக்கு.